இரண்டாம் பங்கை நிறுத்திய கை

எழுத்து கோணலாகவும் வரி ஏறி இறங்கியும் இருப்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். பொலிஸ் சார்ஜன்ட் ஐயா இந்த வாக்குமூலத்தைத் தாமே எழுதுவதாகச் சொன்னார். நான் விடவில்லை.

பெயர் மாயாண்டி சோலைமலை. வயது அறுபத்தேழு. உடப்புசல்லாவைத் தேயிலைத் தோட்டம், கீழ் டிவிசன், ஏழாம் லயம், நாலாம் காம்பரா. பதினோரு வருடமாகக் கம்பனிக் கந்தோரில் கூட்டித் துடைக்கும் வேலை.

கந்தோரில் ஒரே ஒரு பெரிய கம்ப்யூட்டர் உண்டு. அதை உள்ளுக்குள் மூன்று பங்காகப் பிரித்திருக்கிறார்கள்: ஒன்று மேல் டிவிசனுக்கு, இரண்டு கீழ் டிவிசனுக்கு, மூன்று ஃபேக்டரிக்கு. ஒவ்வொரு பங்கும் தான் தனி மெஷின் என்றே வேலை செய்யும். அதில் பதிவு அடிக்கும் பூரணிதான் எனக்கு ஆறு மாதமாக எழுத்துச் சொல்லித் தந்தவள். அவள் சொன்னாள்: "நம்ம லயத்து வீட்டு வரிசை மாதிரிதாங்க தாத்தா. ஒரு காம்பரால அடுப்ப அணைச்சா பக்கத்து காம்பரா சோறு வேகாமப் போயிடுமா?"

1988 ஒக்டோபர் 12, புதன், காலை பத்து மணிக்குப் பெரிய கிளாக்கர் அலோசியஸ் தலைமை விசைப்பலகையில் ஏதோ அடித்தார். அதன் பிறகு இரண்டாம் பங்கின் திரை மட்டும் கறுத்தது. கீழ் டிவிசன் பெண்கள் எத்தனை வருடம் வேலை செய்தார்கள் என்ற பதிவு அதில்தான் இருந்தது. மறுநாள் யூனியன் அதைப் பார்க்க வரவிருந்தது. அதன் பிறகு அவர், தலைமை விசைப்பலகையில் அடிப்பதையெல்லாம் பதியும் பக்கத்துப் பிரின்டரில் அச்சாகி வந்த தாளைக் கிழித்துக் கசக்கி என் கூடையில் போட்டார்.

"கொண்டுபோயி அடுப்புல போடு. ஒனக்குத்தான் எழுத்தும் எறும்பும் ஒண்ணாச்சே."

அதன் பிறகு வெளியே நின்ற பூரணியைக் கூப்பிட்டு, "நீ வயர புடுங்கி மெஷினையே நிப்பாட்டிட்டியேடி!" என்றார்.

"ஐயா, நான் டீ குடிச்சிக்கிட்டு இருந்தேங்க."

பன்னிரண்டு மணிக்குப் பொலிஸ் அவளைக் கொண்டுபோனது.

வயரைப் பிடுங்கினால் மூன்றும் நிற்க வேண்டும். ஃபேக்டரிப் பங்கு ஓடிக்கொண்டிருந்தது. அதன் பிரின்டர் சத்தத்துக்கு மேல்தான் அவர் கத்தினார்.

தாளை நான் அடுப்பில் போடவில்லை. பாய்க்கடியில் வைத்து மடிப்பெடுத்தேன். அதில் 10.04 என்றும் 2 என்றும் அலோசியஸ் என்றும் இருக்கிறது. அந்த இங்கிலீசு எழுத்துக்களை அவர் கதவுப் பலகையில் பதினோரு வருடம் துடைத்திருக்கிறேன். மூன்று தரம் படித்தேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை, அவ்வளவு சந்தோஷம். மற்ற வார்த்தைகள் எனக்கு இன்னும் வராது, ஐயாமார் படித்துக்கொள்ளவும்.

தாள் இத்துடன் இருக்கிறது. பூரணியை வெளியே விட வேண்டும். அவள் இருந்த பெஞ்சில் அலோசியஸை உட்கார வைக்க வேண்டும். நான் நின்று பார்க்க வேண்டும்.

இதில் உள்ளதெல்லாம் நான் கண்டதும் படித்ததும். யாரும் சொல்லித் தந்ததல்ல. விரல் வலிக்கிறது. அலோசியஸ் செய்த மற்றவற்றை அடுத்த புதன்கிழமை வேறு தாளில் எழுதிக் கொண்டு வருவேன்.

கையொப்பம்,
மா. சோலைமலை