வயிறில்லாத ஜீவன்கள்

கடல் குதிரைக்கு வயிறு கிடையாது, ஐயா. நிறையப் பேருக்கு இது தெரியாது. வாய் என்று ஒரு குழல், அங்கிருந்து நேராகக் குடல், அவ்வளவுதான். தின்றது உள்ளே தங்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு வேளை தவறினாலே வாடிப்போகும். நேற்று என்னை இங்கே கூட்டிவந்ததிலிருந்து வீட்டில் இரண்டும் பட்டினி கிடக்கின்றன. யாரையாவது அனுப்பித் தீனி போடச் சொல்லுங்கள். உங்களுக்கு வேண்டியதை நான் மறைக்காமல் சொல்கிறேன். என் மனைவி லோகநாயகி எப்படிச் செத்தாள் என்பதுதானே உங்களுக்கு வேண்டும்.

டீ வேண்டாம். தப்பாக நினைக்காதீர்கள், அந்த கிளாஸ் விளிம்பில் யாரோ வாய் வைத்த தடம் அப்படியே இருக்கிறது. உங்கள் மீசையிலும் வடைத் துகள் ஒட்டியிருக்கிறது. இடது பக்கம். இன்னும் கொஞ்சம் கீழே. சரி, போய்விட்டது. ஆவடி டிஃபென்ஸ் ஃபேக்டரியில் நான் இன்ஸ்பெக்‌ஷன் செக்‌ஷனில் இருந்தே ரிட்டயர் ஆனவன். மயிரிழை கீறல் இருந்தாலும் உருப்படியைத் தனியே எடுத்து வைத்துவிடுவேன். பிசிறு, அழுக்கு எல்லாம் என் கண்ணில்தான் முதலில் படும். இது என் சுபாவம், நான் என்ன செய்ய முடியும்?

குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டுப் பருத்திப்பட்டில் ஏரிப் பக்கம் ஃபிளாட் வாங்கினோம். ஒரே மகன் ஸ்ரீநாத் கனடாவில் இருக்கிறான். பொழுது போகவில்லை என்று ஹாலில் தொட்டி வைத்தேன். கடல் குதிரையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி குற்றம் என்று எனக்குத் தெரியும். அந்த வழக்கையும் சேர்த்தே எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு தடவை நீங்களே வந்து பார்க்க வேண்டும். வாலால் ஒரு குச்சியைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். இறால் பொடிசு பக்கத்தில் வந்ததும் 'டக்'கென்று ஒரு சின்னச் சத்தம், உள்ளே போய்விடும். மெல்வதில்லை, சிந்துவதில்லை, வாயைத் துடைக்க வேண்டியதில்லை. காலையில் ஆணும் பெண்ணும் வாலைக் கோத்துக்கொண்டு ஒன்றையொன்று சுற்றிவரும். குஞ்சுகளை உடம்பின் முன்பக்கம் ஒரு பையில் சுமப்பதும் ஆண்தான். புருஷன் என்றால் அப்படி இருக்க வேண்டும் என்று நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன்.

லோகநாயகிக்குப் பக்கவாதம் வந்தது போன ஆடி மாதம். வலது பக்கம் முழுதும் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கமாகக் கோணிவிட்டது. கட்டிலை ஹாலிலேயே போட்டேன். அங்கேதான் ஏசி இருக்கிறது. தண்ணீர் சூடேறினால் கடல் குதிரை தாங்காது, ஆகவே ஏசி எந்நேரமும் ஓடும். தனக்காகத்தான் ஓடுகிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். பாவம், அப்படியே நினைக்கட்டும் என்று விட்டுவிட்டேன். குளிருக்குக் கழுத்து வரை போர்வை போர்த்திவிடுவேன்.

அவளுக்குச் சோறு ஊட்டுவதைப் பற்றி நான் சொல்லியே ஆக வேண்டும். ஒரு கரண்டி கஞ்சி போனால் அரைக் கரண்டி வெளியே வரும். எச்சிலோடு கலந்து தாடையில் வழியும், கழுத்து மடிப்பில் இறங்கிக் காயும், புளித்த வாடை அடிக்கும். நாக்கு கஞ்சியைத் துழாவுவது அந்தக் கோணல் வழியாகத் தெரியும். அப்புறம் அது கீழே வெளியே வரும், அதையும் நானே அள்ள வேண்டும். கல்யாணமான நாளிலிருந்து எனக்குத் தட்டில் பரிமாறிய கை அது, தெரியும். தெரிந்தாலும் குமட்டல் வராமல் இருக்குமா? என் வாய்க்குள் கர்ச்சீப்பை வைத்து அடைத்துக்கொண்டுதான் ஊட்டினேன்.

கொஞ்ச நாளில் என்னால் முடியாமல் போய், ஊட்டுவதற்கும் அள்ளுவதற்கும் ரேவதி என்று ஒரு பெண்ணை வைத்தேன். நல்ல பெண்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு நாள் அம்மாவுக்கு வாய் துடைத்த துணியாலேயே தொட்டிக் கண்ணாடியையும் துடைத்துவிட்டாள். மேல் விளிம்பு வரை துடைத்தாள், ஐயா. அந்த எச்சில் தண்ணீரில் இறங்கினால் என்ன ஆகும்? அன்றைக்கே நிறுத்திவிட்டேன். போகும்போது, "சார், அம்மா நல்லாத்தான் சாப்புடுது. கொஞ்சம் பொறுமையாக் குடுத்தாப் போதும்" என்றாள். எனக்கு யாரும் பொறுமையைச் சொல்லித்தர வேண்டியதில்லை. இறால் முட்டையை உப்புத் தண்ணீரில் போட்டு, காற்று விட்டு, பொரித்து, வடிகட்டி, சொட்டு சொட்டாக விடுகிற வேலையைச் செய்து பாருங்கள், பொறுமை என்றால் என்ன என்று தெரியும்.

அதற்குப் பிறகு நானேதான் யோசித்தேன். உள்ளே போவது குறைந்தால் வெளியே வருவதும் குறையும். சாதாரணக் கணக்கு. மூன்று வேளையை இரண்டாக்கினேன். இரண்டு ஒன்றானது. பிறகு காலையில் நாலு கரண்டி சர்க்கரைத் தண்ணீர், அதுவும் நான் பக்கத்தில் நிற்க முடிந்த நாளில். பலன் உடனே தெரிந்தது. படுக்கை சுத்தமாக இருந்தது. வாடை போய்விட்டது. வீட்டில் பழையபடி பினாயில் மணம் மட்டும்தான். ஸ்ரீநாத் வீடியோவில் கூப்பிடும்போது அவளுக்குத் தலை வாரி, பொட்டு வைத்து, போர்வையை இழுத்துவிட்டுக் காட்டுவேன். அம்மா இளைத்த மாதிரி இருக்கே என்று ஒரு தடவை கேட்டான். இளைத்தால் நல்லது, திருப்பிப் படுக்க வைப்பது சுலபம் என்றேன். சரி என்றான்.

எதிர் ஃபிளாட்டில் ஸ்வாதி என்று ஐ.டி.யில் வேலை செய்யும் பெண். ஆபீஸுக்குக் கிளம்பும் முன் ஒரு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி கொண்டுவந்து கொடுப்பாள். ஆன்ட்டியைப் பார்க்கட்டுமா என்று கேட்பாள். உடம்பு துடைத்துக்கொண்டிருக்கிறேன், அப்புறம் வாம்மா என்று வாசலிலேயே வாங்கிக்கொள்வேன். கஞ்சியைச் சிங்க்கில் ஊற்றுவேன், டம்ளரை இரண்டு தடவை கழுவுவேன். கொடுத்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது இல்லையா, அதனால் கொஞ்சம் சர்க்கரை போட்டுத்தான் கொடுப்பேன். ஒரு நாளும் அதில் தவறியதில்லை, அந்தப் பெண்ணையே கேளுங்கள். ஆன்ட்டி குடித்தார்களா என்பாள். ஒரு சொட்டு மிச்சமில்லை என்பேன். நான் பொய் சொல்லும் ஆள் இல்லை.

நேற்று சாயந்திரம் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றிவிட்டுத் திரும்பினேன், அவள் கண் திறந்தபடி இருந்தது. மூச்சு இல்லை. சர்டிபிகேட்டுக்காகத் தெரு முனை டாக்டரைக் கூப்பிட்டேன். சின்ன வயசுக்காரர். போர்வையை எடுத்தார். எலும்பைப் பார்த்தார், முதுகுப் புண்ணைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டு அடி பின்னால் போனார். அப்பாடா, நான் பட்ட அவஸ்தையைப் புரிந்துகொள்ள ஒரு ஆள் கிடைத்தார் என்று எனக்கு ஆறுதலாக இருந்தது. அவர் வெளியே போய் உங்களுக்கு போன் செய்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

எழுதிக்கொள்ளுங்கள். சோறு கொடுக்காமல் நிறுத்தியது நான்தான். வேறு யாருக்கும் இதில் பங்கு இல்லை. அரிசி டப்பா நிறைய இருந்தது, கேஸ் இருந்தது, கொண்டுவந்து கொடுக்க ஆளும் இருந்தது. என்னால் அந்த வாயைப் பார்க்க முடியவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டும்? இந்தப் பேனா வேண்டாம், மூடியை யாரோ கடித்திருக்கிறார்கள். என் சட்டைப் பையில் என்னுடையது இருக்கிறது.

அந்தம்மா வாயைத் திறந்து ஒரு தடவைகூடக் கேட்கவில்லையா என்கிறீர்கள். கேட்டாள். கட்டிலுக்கு நேரெதிரே தொட்டி. நான் தீனி போடும்போதெல்லாம் பார்த்துக்கொண்டே இருப்பாள். அவள் பிறந்தது மாங்காட்டில், கடைசி வரை அந்தப் பேச்சு போகவில்லை. ஒரு நாள் பேச்சு கொஞ்சம் தெளிவாக வந்தது.

"இன்னாங்க, அதுங்களுக்கே குடுத்துகினு கீறீங்களே. எனக்கும் கொஞ்சம் குடுங்க."

எனக்குக் கோபம் வரவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். உங்களுக்குச் சொன்னது போலவே அவளுக்கும் நிதானமாக எடுத்துச் சொன்னேன். லோகா, அதுகளுக்கு வயிறு இல்லை, உனக்கு இருக்கிறது, நீ தாங்குவாய் என்றேன். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அதையும் துடைத்துவிட்டேன். அவள் புரிந்துகொண்டாள் என்றுதான் நினைக்கிறேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவே இல்லை.