ஓட்டுக்கு முன்பே ஒட்டிய நன்றி

இந்த நாற்காலிக்கு ஒரு கால் ஆடுகிறது, இன்ஸ்பெக்டர் ஐயா. வெல்டிங் மெஷின் இருந்தால் இரண்டு பொட்டு வைத்து நிறுத்திவிடுவேன். இருபத்தாறு வருடமாகச் சாயத் தொழிற்சாலையில் எனக்கு அதுதான் வேலை. சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். சங்கத் தேர்தலில் என் அக்காள் புருஷனைத் தோற்கடித்தது நான்தான். அவருக்குப் பிரச்சாரம் நடத்தியதும் நான்தான். இரண்டும் ஒரே வேலையாகப் போய்விட்டதால் தனித்தனியாக மெனக்கெடவில்லை.

மாமா பாய்லருக்குக் கரி அள்ளிப் போடுகிறவர். தலைவரானால் முதல் நாளே பாய்லரை நிறுத்தி, வெளி உறையைப் பிரித்து, ஒவ்வொரு வெல்டிங் ஒட்டையும் எல்லாருக்கும் காட்டுவேன் என்றார். சங்கத் தலைவர் எழுதிக் கேட்டால் நிர்வாகம் நிறுத்தியே ஆகவேண்டும், ஒப்பந்தம் அப்படி. எதிரே நின்றவரைச் சிரிப்பு மேஸ்திரி என்போம். அவருடைய வாக்குறுதி, கேண்டீனுக்கு நாலு ஃபேன். உயிரா காற்றா என்றால் எவனும் உயிரைத்தான் கேட்பான். சும்மா விட்டிருந்தால் மாமா ஜெயித்திருப்பார்.

நான் மூட்டை தூக்கிய வீட்டில் பிறந்தவன். முதுகில் பளு இருக்கிறவரை ஆள் நடப்பான். இறக்கி வைத்தால் அங்கேயே உட்கார்ந்துவிடுவான். ஓட்டுப் போடுகிறவனும் அப்படித்தான். பயந்தவன் வரிசையில் நிற்பான். கோபக்காரன் முதல் ஆளாக நிற்பான். நிம்மதியானவன் குப்புறப் படுத்துத் தூங்குவான். வெல்லத்தால் கொல்ல முடிகிறவனுக்கு விஷம் எதற்கு என்பார்கள். நான் ஜனங்களுக்கு நிம்மதி கொடுத்தேன்.

மாமா எழுதி வைத்திருந்த நோட்டீசில், ‘பாய்லர் வெடித்தால் உன் பிள்ளைக்கு யார்?’ என்றிருந்தது. அதைப் படித்தவன் விடியுமுன்பே வரிசையில் நிற்பான். அதை அச்சுக்குக் கொடுக்கவில்லை. மாமா பல் தெரியச் சிரிக்கும் போஸ்டர் ஒன்று அடித்து, ‘மாபெரும் வெற்றி தந்த தோழர்களுக்கு நன்றி’ என்று தேர்தலுக்கு ஐந்து நாள் முன்னால் ஒட்டினேன்.

“இன்னும் ஓட்டே போடல, அதுக்குள்ள நன்றியா மாப்ளே?”

“ஜெயிக்கிற பக்கம்தான் மாமா ஜனம் சாயும்.”

“புள்ள பொறக்கறதுக்குள்ள பேரு வெச்ச மாதிரி இருக்கேடா.”

“பேரு வெச்சாத்தான் அதுக்கே வெளிய வரணும்னு தோணும். நீங்க பேசாம இருங்க.”

சிரித்துவிட்டார். என்னைச் சந்தேகப்படுவதில் அவருக்குக் கொஞ்சம் சோம்பேறித்தனம்.

கருத்துக்கணிப்பும் எடுத்தேன். மூன்று பேரைக் கேட்டேன், மூன்று பேரும் மாமாவுக்கே என்றார்கள். மாமா, அக்கா, நான். அடக்கமாக எண்பது சதவீதம் என்றுதான் கேண்டீன் பலகையில் எழுதினேன்.

தேர்தல் ஞாயிற்றுக்கிழமை. சாயத்தொட்டிக்காரர் முந்தின நாள் கேட்டில் மறித்து நிலவரம் கேட்டார்.

“ஜெயிச்சாச்சுண்ணே. லீவு நாள்ல நீங்க எதுக்கு அலையறீங்க? அண்ணியக் கூட்டிக்கிட்டு எங்கயாச்சும் போய்ட்டு வாங்க.”

என் தோளைத் தட்டிவிட்டுப் போனார். அன்று அப்படி அறுபது பேராவது தட்டியிருப்பார்கள்.

அக்கா மடிப்புப் பிரிவில் வேலை பார்க்கிறாள். அவளுக்கும் ஓட்டு உண்டு. வெற்றிச் சாப்பாட்டுக்கு நாற்பது பேர் வருவார்கள் என்று சொல்லி, அவளையும் அவள் கூட்டாளிகள் ஐந்து பேரையும் அடுப்படியில் உட்கார வைத்தேன்.

“என் ஓட்டுடா?”

“ஒரு ஓட்டுல கப்பலாக்கா கவுந்துடும்?”

நானூற்றுப் பன்னிரண்டு பேரில் வந்தவர்கள் நூற்றுத் தொண்ணூற்றெட்டு. மாமாவுக்குத் தொண்ணூற்றேழு, மேஸ்திரிக்கு நூற்றொன்று. நாலு ஓட்டில் போயிற்று. அடுப்படியில் மட்டும் ஆறு ஓட்டு இருந்தது. சோறு வீணாகவில்லை, மேஸ்திரி ஆட்கள் வந்து சாப்பிட்டார்கள்.

பதினோராம் நாள் காலை ஷிப்டில் பாய்லர் வெடித்தது. நாலு பேர் போனார்கள். சத்தம் மாறுகிறதே என்று கிட்டே போய்ப் பார்த்த மாமாவும் அதில் ஒருவர். ஃபேன் நாலும் அதற்குள் மாட்டியாகிவிட்டது, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

மேஸ்திரி எனக்கு ஏதாவது கொடுத்தாரா என்று சுற்றிச் சுற்றிக் கேட்கிறீர்கள். அவர் ஒரு டீ கூட வாங்கிக் கொடுத்ததில்லை. நான் அவரை ஜெயிக்க வைத்தது இன்றுவரை அவருக்கே தெரியாது.

இரண்டு வருடம் முன்பு பாய்லரின் அடித்தகட்டில் ஒரு விரிசல் விழுந்தது. முறைப்படி அந்தத் தகட்டை வெட்டி எடுத்துவிட்டுப் புதுசு வைக்கவேண்டும். மூன்று நாள் வேலை. நான் விரிசல் மேலேயே ஒரு பட்டையை வைத்து, சுற்றிலும் ஒட்டி, ஒரு மத்தியானத்தில் முடித்தேன். ஒட்டுக்குப் பக்கத்தில் வெல்டர் தன் எண்ணைக் குத்தவேண்டும். என் எண் பதினேழு. குத்தினேன். ‘அவன் கை வைத்தால் அசையாது’ என்று இருபத்தாறு வருடமாகப் பேர் எடுத்தவன் நான். உறையைப் பிரித்து, நானூறு பேர் நிற்க, மாமா அந்தப் பட்டையை விரலால் காட்டியிருப்பார். அதை என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியாது, ஐயா. தேர்தல் வைத்தது நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் வேறு ஏதாவது யோசித்திருக்கவேண்டும்.

வெடிக்கும் என்று தெரியுமா என்கிறீர்கள். பட்டை போட்டு மூடினாலும் விரிசல் உள்ளேயே நடக்கும், பட்டையைத் தாண்டி ஒருநாள் வெளியே வரும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு அதைச் சொல்லித்தருகிறவனே நான்தான்.

நேற்று உடைந்த தகட்டை மேசையில் வைத்துக் காட்டினீர்கள். இன்னொரு தடவை நன்றாகப் பாருங்கள். கிழிந்திருப்பது பக்கத்துத் தகடு. பதினேழு என்று குத்தியிருக்கிற இடத்தில் ஒட்டு மயிரிழை கூட விடவில்லை. அக்காவிடம் யாராவது அதைக் காட்டினால் தேவலை.