சாரல் வேண்டாம் என்றவள்

எண்பதுகளில் ஓர் ஆனி மாதம். சுரண்டையிலிருந்து தென்காசிக்குப் போகும் பஸ்ஸில், எனக்கு முன்சீட்டுப் பெண் பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்:

"இந்த வருசம் சாரலே விழக்கூடாதுன்னு கும்பிட்டுட்டு வாரேன்க்கா."

தென்காசிப் பக்கத்தில் இப்படி ஒரு வேண்டுதலை நான் கேட்டதில்லை. அந்த அக்காவும் கேட்டதில்லை போலும்.

"ஏட்டி, அருவியில எப்பம் தண்ணி விழும்னு ஊரே காத்துக் கெடக்குது. ஒனக்கென்ன வந்துச்சு?"

"வெயில்ல சமைக்கிற பொட்டி வாங்கினோம்லா, கண்ணாடி மூடி போட்டது. காலையில அரிசியும் பருப்பும் மொட்டை மாடியில வச்சா மத்தியானம் வெந்து கெடக்கும். விறகும் மிச்சம். ஈர விறகை ஊதி ஊதி வந்த இருமலும் போயிட்டு."

"அதான பாத்தேன். சாரல் விழுந்தா வெயிலு இருக்காது. மறுபடி விறகடுப்பு. ஒன் நெஞ்சு தாங்குமா?"

"நான் எங்க ஊதுதேன்? புகைப்பக்கமே விடாதீங்கன்னு டாக்டர் எங்க வீட்டுக்காரர்ட்ட சொல்லிட்டாரு. வெயில் இல்லாத நாளு சமையல் அவுக பொறுப்பு. போன சாரலுக்கு அவுகதான் அடுப்பூதுனாக."

"பெறகு என்னட்டி! எதுக்குச் சாரலை வேண்டாங்கே?"

"அவுக வைக்கிற கொழம்பை நான்தானக்கா திங்கணும்."

அந்நேரம் பார்த்துச் சாரல் விழுந்தது. பஸ்ஸில் எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினார்கள். டிரைவர் பக்கத்துச் சீட்டில் ஒருவர் மட்டும் வானத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சைத் தடவிக்கொண்டு பலமாக இருமினார்.

"அந்தா, அவுக ஆரம்பிச்சிட்டாக," என்றாள் அவள்.