கறுப்புத் திரைக்குள் ஒரு முகவரி

திரை கறுத்துப்போனால் பதற வேண்டியதில்லை, ஐயா. உடனே கம்ப்யூட்டர் செத்துவிட்டது என்று ஊரைக் கூட்டுகிறவர்கள்தான் அதிகம். அது உள்ளே ஓடிக்கொண்டுதான் இருக்கும். படத்தைத் திரைக்கு அனுப்பும் டிரைவர் என்கிற மென்பொருள் மட்டும் மக்கர் பண்ணியிருக்கும். இந்தச் சின்ன விஷயம் எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் யார் மண்டையிலும் ஏறவில்லை.

சின்ன இடம், ஒரே கம்ப்யூட்டர். அதில் காசில்லாமல் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுப் பராமரித்தவன் நான். மேலாளருக்கு எல்லா வியாதிக்கும் ஒரே மருந்து, ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவது. மின்விசிறி சத்தம் போட்டாலும் அதைத்தான் செய்வார். நான் அவருக்கு வைத்த பெயரே ஆஃப்-ஆன். பிழைச் செய்தி வந்தால் முதலில் படியுங்கள் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். படிப்பதென்றால் இவர்களுக்கு வேப்பங்காய்.

போன வாரக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "சும்மா கிடைச்ச சரக்கு இப்படித்தான் இருக்கும். அடுத்த மாசம் நல்லதா வேற வாங்கிப் போட்டுடலாம். இவரையும் கட்டிட்டு அழ வேண்டாம்."

சிரித்தார்கள். போன் எடுக்கும் அக்காவும் சிரித்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

சிஸ்டத்தைப் புதுப்பித்தால் டிரைவரையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும். அன்று சாயங்காலம் நான் முதல் வேலையைச் செய்துவிட்டு இரண்டாவதை அப்படியே விட்டேன். பழைய பதிப்பையும் அழித்தேன், யாராவது குருட்டாம்போக்கில் அதற்குத் திரும்பிவிடக் கூடாது பாருங்கள். அணைக்காதவரை திரை அவ்வப்போது மினுக்கும், அவ்வளவுதான். அணைத்துப் போட்டால்தான் இருளும். அணைத்தது அவர். இதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

மறுநாள் நான் விடுப்பு. மதியம் அக்கா போன் செய்தார். ஒரு முகவரியை அடித்துச் சேமித்த கையோடு திரை மினுக்கியிருக்கிறது. ஆஃப்-ஆன் பாய்ந்து வந்து தன் வைத்தியத்தைப் பார்த்துவிட்டார். அதன் பிறகு கும்மிருட்டு. கூப்பிட்டவரின் எண்ணும் உள்ளேதான். வண்டி வருகிறது என்று அக்கா உறுதி சொல்லியிருந்ததால் அவர்கள் மறுபடி கூப்பிடவும் இல்லை.

"தம்பி, குழந்தைக்கு மூச்சு விட முடியலையாம். அட்ரஸ் உள்ள மாட்டிக்கிச்சு. என்ன பண்ணணும்னு சொல்லுப்பா."

மேலாளரைப் போனுக்கு வரச் சொல்லுங்கள், அவரே கேட்கட்டும் என்றேன். அவர் வர மறுத்தார். அக்கா கெஞ்சிக்கொண்டே இருந்தார். மானம் மரியாதை அவருக்கு மட்டும்தானா?

இதற்குள் நான் வீட்டிலிருந்தே இணையம் வழியாக அந்தக் கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டேன். திரை இருண்டிருப்பது அதற்குத் தடையில்லை. முகவரி என் கண்ணெதிரே இருந்தது. மூன்று வயதுப் பெண் குழந்தை, தபால் நிலையத்துக்கு எதிர்வீடு, மாடி. அக்கா பிழையில்லாமல் அடித்திருந்தார். அந்த அறையில் உருப்படியாக வேலை தெரிந்தவர் அவர் ஒருவர்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

கடைசியில் ஆஃப்-ஆன் போனுக்கு வந்தார். "தப்பு என் மேலதான். தயவு செஞ்சு சொல்லுங்க."

முகவரியை அப்படியே வாசித்துக் காட்டியிருக்கலாம்தான். ஆனால் விடையை ஊட்டிவிட்டால் இவர்கள் எந்தக் காலத்தில் கற்றுக்கொள்வது? வெறும் எழுத்துத் திரையை வரவழைக்கும் விசைகளைச் சொன்னேன். பிறகு முகவரியைக் காட்டும் கட்டளையை எழுத்தெழுத்தாகச் சொன்னேன். தப்பாக அடித்தார். முதலிலிருந்து அடிக்கச் சொன்னேன்.

வண்டி போய்ச் சேர்ந்தபோது அப்பா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலிலேயே நின்றிருந்தாராம். குழந்தைக்கு உயிர் இல்லை.

ஆமாம், ஐயா, வேண்டுமென்றேதான் செய்தேன். ஆனால் மேலாளர் கேட்ட அந்த நொடியே சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தேன். வாய்விட்டு உதவி கேட்ட யாரையும் நான் காக்கவைத்ததில்லை. அதையும் வாக்குமூலத்தில் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.