மார்வியே ஊரின் வாசல் தண்ணீர்

என் நாவுக்குக் கடிவாளமாக ஒரு மணியைக் கையில் பிடித்தபடி அவைத்தலைமை ஏற்றிருக்கும் மருத்துவர் கல்யாணசுந்தரம் அவர்களே! லண்டன் கிங்ஸ்பரியின் மூத்தோர்களே! ஷிப்டை மாற்றிக்கொண்டு ஹவுன்ஸ்லோவிலிருந்தும், கடையைப் பூட்டிவிட்டு ஃபாரஸ்ட் கேட்டிலிருந்தும் ஓடிவந்த உறவுகளே! என்னைப் பெறாமலே பெற்ற தாய்மாரே! கடல் கடந்து வந்து முன்வரிசையை ஒளிபெறச் செய்திருக்கும் ஒதீல் அம்மையாரே! அவர் காதருகே என் தமிழைப் பிரெஞ்சாக்கிக்கொண்டிருக்கும் பாரிஸ் மகள் சாருஜாவே! அனைவரையும் செல்வரத்தினம் சிரம் தாழ்த்தி வணங்குகிறேன்.

இன்று நான் பேச வந்தது ஒரு பெரிய நகரத்தைப் பற்றியா? இல்லை. பேரரசர் பிறந்த ஊரைப் பற்றியா? அதுவும் இல்லை. பிரான்சின் வடக்கே, உவாஸ் ஆற்றங்கரையில், நெட்டை நெட்டையாய் நிற்கும் பொப்லார் மரங்களுக்கு நடுவே ஒடுங்கிக் கிடக்கிறதே மார்வியே, அந்தச் சிற்றூரைப் பற்றி! சுண்ணக்கல் வீடுகளும் சோளவயலும் சூழ்ந்த ஊர். சரக்குப் படகுகள் சோம்பலாய் நகரும் ஊர். வெள்ளம் ஏறிய உயரத்தை எல்லாம் தேவாலயச் சுவரில் கோடாய்ச் செதுக்கி வைத்திருக்கும் ஊர். ஆறு அணைத்த ஊர், ஆறு அடித்த ஊர், அடித்த ஆற்றையே அன்போடு பார்த்துக்கொண்டிருக்கும் ஊர்!

அந்த ஊருக்கு நாங்கள் திட்டமிட்டா போனோம்? கடந்த வைகாசி மாதம், பாரிஸ் பக்கத்துக் கோயில் தேருக்கு லண்டனிலிருந்து ஒரு கோச் பஸ் பிடித்தோம். ஒழுங்கு செய்தவன் அடியேன். ஏன் சிரிக்கிறீர்கள்? ஓம், அந்தக் கோச்தான்! திரும்பும் வழியில் பெருந்தெருவில் நெரிசல். சாரதி கீர்த்தனன் கிராமத்துப் பாதையில் திருப்பினார். மார்வியேப் பாலத்தடியில் எஞ்சின் கொதித்து நின்றது. உச்சி வெயில். கொண்டுபோன தண்ணீரை எல்லாம் அந்த எஞ்சினே குடித்துவிட்டது.

இறங்கி நடந்தோம். என்ன கண்டோம்? வீதி நெடுக, வாசலுக்கு வாசல் தண்ணீர் நிறைந்த ஒரு மண் கூசா! பக்கத்தில் ஒரு குவளை, ஒரு பூ! தேர் பார்த்துவிட்டு வந்த கண்களுக்கு அது வேறென்னவாகத் தெரியும்? தண்ணீர்ப் பந்தல்! "வெள்ளைக்காரரும் எங்களைப் போலத்தான்" என்று நெகிழ்ந்தோம், அள்ளினோம், குடித்தோம். வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடித்தோம், அதில் குறைவில்லை. ஓர் அண்ணை, பெயர் சொல்லமாட்டேன், இதோ மூன்றாம் வரிசையில் தலை குனிகிறார், "மோர் இல்லையோ?" என்றுகூடக் கேட்டார்!

வீதி வெறிச்சோடி இருந்தது. பிறகு ஒரு கதவு திறந்தது. இன்னொன்று திறந்தது. வந்தவர்கள் எங்கள் கையிலிருந்த குவளைகளையே பார்த்தார்கள். பாரிஸிலிருந்து எங்களோடு கோச்சில் ஏறிக்கொண்ட சாருஜா, ஒரு கூசாவின் கழுத்தில் எழுதியிருந்ததை அப்போதுதான் வாசித்தாள். ஒரு பெயர். ஓர் ஆண்டு. 1940.

அன்பர்களே! அந்த ஆண்டு, படைகள் நெருங்க நெருங்க, பாலம் தகர்க்கப்பட, மார்வியே மக்கள் வீட்டைப் பூட்டிவிட்டு வண்டிலோடும் பிள்ளைகளோடும் நடந்தார்களாம். ஊரே எழுந்து நடந்ததாம்! இதை நான் உங்களுக்கு விளக்க வேண்டுமா? 1995 இல் யாழ்ப்பாணத்தைவிட்டு நாவற்குழிப் பாலத்தில் நசிந்து நகர்ந்தவர்களே, உங்களுக்கா நான் விளக்குவது? திரும்பி வராதவர்களுக்காக, அவர்கள் புறப்பட்ட நாளில் ஆண்டுதோறும் வாசலில் தண்ணீர் வைக்கிறார்கள். மாலையில் அதை எடுத்துச் சென்று பாலத்திலிருந்து ஆற்றில் ஊற்றுகிறார்கள். எவரும் குடிப்பதில்லை. அந்தத் தண்ணீரைத்தான் நாங்கள் குடித்துவிட்டோம்!

ஒதீல் அம்மையாரின் வாசலில் வெறும் கூசாவோடு நின்றவர் எங்கள் வசந்தமலர் அக்கா. அவர் அனுமதி பெற்றே இதைச் சொல்கிறேன். அந்த 1995 இடப்பெயர்வில் தந்தையோடு வந்தவர் அவர். பாலம் தாண்டியதும் தந்தை, "பிள்ளை, விடாய்க்குது" என்றார். அவரை மூட்டையருகே இருத்திவிட்டுத் தண்ணீர் தேடிப் போனார் மகள். தண்ணீரோடு வந்தபோது மூட்டை இருந்தது. தந்தை இல்லை. அன்று தொடங்கிய தேடல். உறவினர் எத்தனை முறை சொன்னார்கள், ஆடி அமாவாசைக்கு எள்ளும் தண்ணீரும் இறைத்துவிடு என்று! அக்கா மறுத்தார். இறைத்தால், இறந்துவிட்டார் என்று மகளே சொன்னதாகாதா?

அந்த அக்கா, "தெரியாமல் குடிச்சிட்டன் அம்மா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ. தண்ணியின்ர அருமை எனக்குத் தெரியும். என்ர ஐயாவுக்கு நான் கொண்டுபோன தண்ணி இன்னும் என்ர கையிலதான் கிடக்கு" என்றார். சாருஜா மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் அழுது, அழுதபடியே சொல்லி முடித்தாள்.

ஒதீல் அம்மையார் உள்ளே போனார். பொலிசைக் கூப்பிடப் போகிறார் என்று நான் பயந்தேன். நிறைந்த கூசாவோடு வந்தார். "என் பாட்டனாருக்கு வைத்த தண்ணீரை இத்தனை காலமும் ஆறுதான் குடித்தது. இன்றுதான் நடந்து களைத்தவர்கள் குடித்தார்கள். இது உங்கள் தகப்பனாருக்கு, வாருங்கள்" என்று அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். வீதியெங்கும் கூசாக்கள் மீண்டும் நிறைந்தன. மாலையில் ஊரோடு ஊராய் நாங்களும் பாலத்துக்கு நடந்தோம். அக்கா ஊற்றினார். ஊற்றும்போது அவர் சொன்னது என் காதில் விழுந்தது: "இருந்தாலும் இல்லாட்டிலும், ஐயான்ர விடாய் தீரட்டும்."

"செல்வரத்தினம் சார், நேரமாச்சு." மருத்துவர் ஐயா, மணியை அடிக்காமல் வாயால் சொன்னீர்களே, கண் கலங்கியிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரிகிறது. இதோ முடிக்கிறேன்.

சாதியும் கேளாமல், சமயமும் கேளாமல், விசாவும் கேளாமல் எங்களுக்கு நீர் வார்த்தது ஒரு சிற்றூர்! நன்றி என்ற சொல்லால் மட்டும் அந்தக் கடனை அடைத்துவிட ஏலுமா? ஏலாது! ஆகவே கேட்கிறேன். நாங்கள் ஊரைவிட்டு எழுந்த நாளில், இனி ஆண்டுதோறும், லண்டனில் நம் வாசல்கள் எல்லாவற்றிலும் ஒரு கூசா தண்ணீர் இருக்குமா? இருக்கும் என்றால் கை தூக்குங்கள்! அடேயப்பா! கவுன்சில் வந்து கேட்டால் என்னிடம் அனுப்புங்கள், நான் பதில் சொல்றன்.

இந்த மேசையில் இருக்கும் கூசா, ஒதீல் அம்மையார் மார்வியேயிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. தொண்டை வறண்டும் நான் தொடவில்லை. வசந்தமலர் அக்கா, மேடைக்கு வாருங்கள். முதல் குவளையை உங்கள் கையால் அம்மையாருக்குக் கொடுங்கள்.

பாருங்கள் சபையோரே! அம்மையார் அண்ணாந்து குடிக்கிறார்! பாதித் தண்ணீர் சட்டையில்! பரவாயில்லை அம்மா, நாங்களும் பழகித்தான் குடித்தோம். அக்கா சிரிக்கிறார். அக்கா சிரித்து நான் இன்றுதான் பார்க்கிறேன்.

மார்வியே மக்களுக்கும், அந்த ஆற்றுக்கும், கொதித்து நின்ற அந்த எஞ்சினுக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. இவ்வளவு நேரம் என்னைப் பொறுத்த உங்கள் எல்லோருக்கும், விடாய் தீர்ந்த மனத்தோடு, வணக்கம்!