பதில் விசில்

அமாவாசை. இரவு பதினோரு மணி இருக்கும். செஞ்சியிலிருந்து திருவண்ணாமலை போகிற ரோடு. ஊரில் பாதிப்பேர் மேல்மலையனூர் அம்மன் கோயிலுக்குப் போய்விட்டார்கள்... ரோட்டில் ஈ, காக்கை இல்லை. கோட்டைக்கு எதிரே புளியமரத்தடியில் ஒரு பைக் நிற்கிறது. ஹெட்லைட்டை அணைத்துவிட்டு ஒருத்தர் இருட்டில் மலையைப் பார்த்தபடி நிற்கிறார். கையில் விசில். ஆனால் ஊதவில்லை.

இப்படித்தான் ஆரம்பித்தேன். ஆரம்பிக்காமலே இருந்திருக்கலாம்.

சாரண ஆசிரியர்களுக்கான பயிற்சி முகாம், முதல் நாள். செஞ்சிக்கு வெளியே ஒரு பள்ளிக்கூடத்து வகுப்பறை. கரண்ட் போய்விட்டது. பெஞ்சுகளை ஓரங்கட்டிப் பாய் விரித்து ஏழெட்டுப் பேர் உட்கார்ந்திருந்தோம். நடுவில் ஒரு சார்ஜர் லைட். சாரணியர் பொறுப்பைப் பல வருடமாகப் பார்க்கிறவள் என்பதால், படுக்கப்போகும் முன் புது ஆட்களின் சந்தேகங்களை என் தலையில் கட்டிவிடுவார்கள். சுமலதா மேடத்தைக் கேளுங்கள் என்று.

கேட்டார்கள். முப்பது பிள்ளைகளுக்கு எத்தனை படி அரிசி? ராத்திரி வீட்டை நினைத்து அழுகிறவனை எப்படித் தேற்றுவது? பத்து தரம் போன் பண்ணுகிற அம்மாவுக்கு என்ன பதில்? எல்லாவற்றுக்கும் சொன்னேன். கடைசியில் சேரன். இந்த வருடம்தான் சாரணர் பொறுப்பு ஏற்றிருக்கிற பையன், கணக்கு வாத்தியார்.

"மேடம், கேம்ப் முடிஞ்சி கெளம்புறப்ப ஒரு புள்ள கொறைஞ்சா இன்னா பண்றது?"

"அதுக்குத்தான காலைல தனசேகரன் சார் வகுப்பு எடுத்தாரு?"

"எடுத்தாரு. கேள்வி கேக்கத்தான் வுடல."

விடமாட்டார். எனக்கு வயிறு எரிந்தது. நான் முகாமுக்கு வந்து சேர்ந்ததே சாயங்காலம்தான். அவர் முகத்தை இன்னும் பார்க்கவில்லை, பார்க்கிற ஆசையும் இல்லை. கோடி அறையில் தூங்குகிறார் என்றார்கள். வழி தவறிய சிறுவனை மீட்பது எப்படி என்று ஊர் ஊராகப் போய் வகுப்பெடுக்கிற பெரிய மனிதர். அவர் என் தோழி வெண்மதியின் கூடப்பிறந்த அண்ணன். அவள் யாரிடமும் சொல்லாதே என்று அழுதுகொண்டே சொன்னதை அன்றைக்கு நான் சொன்னேன்.

கதவைச் சாத்தச் சொன்னேன். குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

சில வருடங்களுக்கு முன் தனசேகரன் ஒரு பள்ளியில் தற்காலிக ஆசிரியர். வேலை நிரந்தரமாகப் போகிற நேரம். பிள்ளைகளைக் கோட்டைக்கு நடைப்பயணம் கூட்டிப்போனார். இரண்டு வேன். ஏறுவதற்கு முன் வரிசையில் நிறுத்தி அவர் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

"வழி தவறினா ஓடாத. இருந்த எடத்துலயே குந்து. மூணு தரம் விசில் ஊது. நான் ரெண்டு தரம் பதில் ஊதுவேன். என் பதில் கேட்டுச்சின்னா பயப்படாத. நான் வந்துடுவேன்."

நல்ல பாடம். நானும் இதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

சாயங்காலம் இறங்கும்போது வேன்காரர்கள் அவசரப்படுத்தினார்கள். அமாவாசையாச்சே... மேல்மலையனூர் சவாரி போய்விடுமே என்று அவர்கள் கவலை. தனசேகரன் அணித் தலைவர்களைக் கூப்பிட்டு எல்லாரும் வந்தாச்சா என்றார். வந்தாச்சு சார் என்றார்கள். ஆதவன் என்று ஒரு பையன். ஏழாவது படிக்கிறான். போகும்போது முதல் வேனில் போனவன். அவன் அணி, அவன் பின்னால் வருகிற வேனில் ஏறிவிட்டான் என்று நினைத்தது. பின்னால் வந்தவர்கள் அவன் முன்னாலேயே போய்விட்டான் என்று நினைத்தார்கள்.

இதற்குத்தான் சொல்வது, சேரன். எந்த வண்டியில் வந்தானோ அந்த வண்டியில்தான் பிள்ளை திரும்ப வேண்டும். தலைவன் சொன்னான், துணைத்தலைவன் சொன்னான் என்று நம்பாதே. ஒவ்வொரு முகத்தையும் நீயே பார். வேன்காரன் கத்தினால் கத்திவிட்டுப் போகட்டும்.

அன்று ராத்திரி தனசேகரன் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஆதவனின் அம்மா பூவாயி. மல்லாட்டைக் காட்டில், அதான் வேர்க்கடலைக் காட்டில், கூலிவேலை செய்கிற பொம்பிளை. புருஷன் இல்லை, அவன் ஒரே பிள்ளை.

"சார்... எம்புள்ள இன்னும் வூட்டுக்கு வர்ல சார்."

தட்டை அப்படியே தள்ளிவிட்டார். பைக்கை எடுத்துக்கொண்டு ஓடினார். கோட்டைக் கதவு பூட்டிக் கிடந்தது. புளியமரத்தடியில் நின்றார்.

அப்போது கேட்டது. ரோட்டுக்கு அந்தப்பக்கம், சந்திரகிரி மலை பக்கத்திலிருந்து... விசில். ஒன்று... இரண்டு... மூன்று. கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் மூன்று. ஒரு சின்னப் பிள்ளையின் மூச்சுக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு சத்தம்.

தனசேகரன் விசிலை எடுத்து வாயருகே கொண்டுபோனார். போனவர்... நிறுத்திவிட்டார்.

ஊதினால் காவல்காரன் எழுந்துவருவான். போலீசுக்குப் போகும். விடிந்தால் ஊர் சிரிக்கும். நிரந்தர வேலை கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும். பையன் சொன்னபடி இருந்த இடத்திலேயே உட்கார்ந்திருக்கிறான், எங்கே போய்விடுவான்? விடியலில் சத்தமில்லாமல் அழைத்துக்கொண்டால் போயிற்று. ஒரு மனிதனுக்கு இப்படி யோசிக்க எப்படித்தான் மனசு வந்ததோ. வந்தது.

அப்போது பதில் விசில் கேட்டது.

இரண்டு தரம். நீளமாக. அதே மலையிலிருந்து.

அவருக்குப் பிடரி சில்லிட்டது. பிறகு மனசைத் தேற்றிக்கொண்டார். காவல்காரனாக இருக்கும், அவன் பார்த்துக்கொள்வான் என்று. இரண்டு தரம் ஊதுவது அவருக்கும் அவர் பிள்ளைகளுக்கும் மட்டும் தெரிந்த கணக்கு. காவல்காரனுக்கு எப்படித் தெரியும் என்று யோசிக்கவில்லை. பைக்கைத் திருப்பினார். வீட்டுக்கு வந்து பூவாயிக்குப் போன் போட்டார்.

"நான் மலைலதான் இருக்கேன்மா. உம்புள்ள எம்பக்கத்துலதான் குந்தினு இருக்கான். வழி தெரியல, விடிஞ்சதும் கூட்டியாறேன். நீ தூங்கு."

சொல்லிவிட்டுப் போர்த்திக்கொண்டு படுத்தார். தூங்கியும் விட்டார். அந்தத் தூக்கத்தைத்தான் வெண்மதியால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இருட்டு பிரியுமுன்னே இடிந்த மதில் வழியாக உள்ளே போனார். முள்ளும் பாறையும். சந்திரகிரிக்குப் பின்புறம் ஒரு சுனை, அதன் மேல் குடை மாதிரி ஒரு பாறை. பாறையடியில் ஆதவன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அழுத தடம் இல்லை. கழுத்தில் ஸ்கார்ப் ஒழுங்காகச் சுருட்டிக் கட்டியிருந்தது. அந்த இடமெல்லாம் வௌவால் புழுக்கை நாற்றம். அவன் பக்கத்தில், இன்னொருத்தர் உட்கார்ந்து எழுந்த அளவுக்குப் பாறை ஈரமாக இருந்தது.

கீழே கதவருகே பூவாயி, தலைமையாசிரியர், நாலு பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து நின்றார்கள். தனசேகரன் பையனையே பார்த்தார். பையன் வாயைத் திறந்தால் தீர்ந்தது. தலைமையாசிரியர் குனிந்து கேட்டார்.

"ராத்திரி யார்றா ஒங்கூட இருந்தாங்க?"

ஆதவன் தனசேகரனை ஏறிட்டுப் பார்த்தான்.

"சார்தான் இருந்தாரு. ராத்திரி பூரா."

பூவாயி நெடுஞ்சாண்கிடையாக அவர் காலில் விழுந்தாள். அவர் விலகவில்லை.

அப்புறம் என்ன? ஊரே தூக்கிவைத்துக் கொண்டாடியது. மலையில் மாணவனுக்குத் துணையிருந்த ஆசிரியர். வேலை நிரந்தரமானது. விழா வைத்தார்கள், மாலை, சால்வை. பூவாயி இன்றைக்கும் காட்டில் மல்லாட்டை பிடுங்கினால் முதல் மூட்டையை அவர் வீட்டில்தான் இறக்குகிறாள். கூலியாக வாங்கினதில் ஒரு மூட்டை. அதையும் வாங்கி வைத்துக்கொள்கிறார், சண்டாளன்.

விழா முடிந்து பிள்ளைகள் வரிசையாக வந்து கைகுலுக்கினார்கள். நம் வழக்கம் உங்களுக்குத் தெரியும். சாரணர்கள் குலுக்குவது இடது கை. தூக்கத்தில் எழுப்பினாலும் இடது கைதான் நீளும். ஆதவன் வந்தான். வலது கையை நீட்டினான்.

"டேய், எடது கைடா" என்றார் தனசேகரன் சிரித்துக்கொண்டே.

"ராத்திரி நீங்க வலது கைதான சார் குடுத்தீங்க?"

பக்கத்தில் வெண்மதி நின்றிருந்தாள். அவள் காதுபட அந்தப் பிள்ளை மெதுவாகச் சொன்னானாம்.

"அப்பவே தெரியும் சார் எனக்கு, அது நீங்க இல்லன்னு. கை சில்லுனு ஈரமா இருந்துது. ஆனா அவரு சொன்னாரு... 'உங்க சார்தான் கூட இருந்தார்னு சொல்லு. அவரு ஊதாத விசில நான் ஊதிட்டேன். மிச்சத்த அவருகிட்டயே கேட்டுக்குறேன்'னு."

சொல்லிவிட்டு சல்யூட் அடித்துவிட்டுப் போய்விட்டான். அதோடு சாரணர் இயக்கத்தை விட்டும் நின்றுவிட்டான்.

அன்றிலிருந்து ஒவ்வோர் அமாவாசைக்கும் தனசேகரனுக்கு விசில் கேட்டது. மூன்று தரம். முதலில் ஊருக்கு வெளியே... அப்புறம் தெருமுனையில்... அப்புறம் கொல்லைக் கதவுக்குப் பின்னால். அவர் காதைப் பொத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பார். அப்படி ஒரு ராத்திரியில்தான் தங்கச்சியிடம் எல்லாவற்றையும் கக்கினார். ஒரு அமாவாசையன்று சத்தம் பீரோவுக்குள்ளிருந்தே வந்தது. காலையில் திறந்து பார்த்தால், உள்ளே அவருடைய விசில். வாய் வைக்கிற இடம் ஈரமாக இருந்தது.

"அந்தப் பையன்கிட்ட போய் உண்மைய சொல்லிடுண்ணா, அவங்க அம்மாகிட்ட சொல்லிடுண்ணா" என்று வெண்மதி மன்றாடினாள். மாட்டேன் என்றுவிட்டார். விருது, பேர், ஊர் ஊராய் வகுப்பு... எல்லாம் போய்விடுமே.

போன அமாவாசைக்கு அவளிடம் பேசினேன். "இப்பல்லாம் சத்தமே இல்லடி" என்றாள். "கடைசியா ஒரு தரம் அவரே எழுந்து கொல்லைக்குப் போயி ரெண்டு தரம் பதில் ஊதிட்டு வந்தாரு. அதுலேருந்து நல்லா தூங்குறாரு. மல்லாட்டைய மட்டும் தொட மாட்டேங்குறாரு. நேரா பாத்துப் பேச மாட்டேங்குறாரு." அவள் குரலில் நிம்மதி இருந்தது. எனக்கும் அப்பாடா என்றுதான் இருந்தது, பொய் சொல்வானேன்.

நான் சொல்லி முடித்தேன். வெளியே கோடி அறைப் பக்கம் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. செருப்பில்லாத கால் ஒன்று வராந்தாவில் மெதுவாக நடந்து, எங்கள் கதவுக்கு வெளியே வந்து நின்றது.

சேரன் தன் வலது கையை சார்ஜர் லைட் வெளிச்சத்தில் விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மேடம்" என்றான். "காலைல எல்லாரையும் வாசல்ல நின்னு வரவேத்தாரு. நான் எடது கையத்தான் நீட்டுனேன். அவரு வலது கைய குடுத்தாரு... எங்க எல்லாருக்கும்."

மற்றவர்களைப் பார்த்தேன். ஒவ்வொருவராகத் தங்கள் வலது கையை மூக்கருகே கொண்டுபோனார்கள்.

"மூணு தரம் சோப்பு போட்டு கழுவிட்டேன் மேடம்" என்றான் சேரன். "இன்னும் வௌவா நாத்தம் போவல."