இரண்டு சொட்டுக்கு நடுவே ஐந்து நிமிடம்

கழுத்தே தெரியாமல் மாலை போட்டு வீற்றிருக்கும் தலைவர் அவர்களே, கத்தியெடுத்துக் கண் கொடுத்த மருத்துவர் அம்மா அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, போட்டோவுக்காக முன்வரிசையை முந்திப் பிடித்த என் சொந்தங்களே, வணக்கம். எனக்கு ஐந்து நிமிடம் தந்திருக்கிறார்கள். அது போதும்.

இந்தப் பிராணிகள் நல விழாவில் எனக்கு முன் பேசிய நால்வரும் இரக்கம், இரக்கம் என்றே முழங்கினீர்கள். அந்த இரக்கத்தின் இலட்சணத்தை நான் என் வீட்டிலேயே பார்த்தவள்.

எங்கள் பூனை பொத்தான். தையல்காரரான என் கணவர் வைத்த பெயர். அதன் கருவிழி மேல் கறுப்பாக ஒரு பொருக்குப் படிந்தது. மருத்துவர் அம்மா அதைச் சீவியெடுத்து, பக்கத்துச் சவ்வை இழுத்து மூடித் தைத்தார். "முப்பது வருஷமா தைக்கிறேன், இப்படி ஒரு தையல் எனக்கு வராது" என்றார் என் கணவர்.

வீட்டுக்கு அனுப்பும்போது சொன்னது என்ன? பத்து நாளைக்குக் கழுத்துக் கூம்பைக் கழற்றாதே, கண்ணைச் சொறிந்துவிடும். நான்கு மணி நேரத்துக்கு ஒருதரம் முதல் சொட்டு மருந்து. ஐந்து நிமிடம் பொறுத்து இரண்டாவது. மலையையா புரட்டச் சொன்னார்?

ஆறாம் நாள் என் கணவருக்கு நெஞ்சுவலி. பூனையை நாத்தனாரிடம் விட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கட்டிலில் கிடந்தவர் கேட்டார்: "பொத்தானுக்குச் சொட்டு விட்டாங்களா?"

"விட்டாங்க. நீங்க கண்ணை மூடித் தூங்குங்க."

மூடினார். அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்தால் கூம்பு கொடியில் தொங்குகிறது. "பாவம் அண்ணி, மூஞ்சியைச் சொறிய முடியாம தவிச்சுது. நான்தான் கழட்டி விட்டேன்." சொறிந்தது, தையல் பிய்ந்தது. கொழுந்தனார் இன்னும் கெட்டிக்காரர். "ரெண்டும் கண்ணுக்குத்தானே, எதுக்குக் காத்திருக்கணும்?" என்று ஒன்றின்மேல் ஒன்றாக ஊற்றி, முதல் மருந்தைக் கழுவியே விட்டார். பாவம் என்று சொல்ல வாய் இருந்தது; பத்து நாள் பொறுக்க மனம் இருந்ததா? கண்ணீர் விடக் கண் இருந்தது. கடிகாரம் பார்க்கக் கண் இருந்ததா?

மறுபடி தையல். மறுபடி மருந்து. "புருஷன் போயிட்டான், இவ பூனைக்குச் சொட்டு ஊத்துறா" என்றார்கள் துக்கம் கேட்க வந்தவர்கள். அங்கே யாரோ சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், அன்றும் சிரித்தார்கள். அவரிடம் தெரியாமல் சொன்ன பொய்யை நான் மெய்யாக்க வேண்டாமா?

பொத்தான் மேடைக்குப் பின்னால் கூடையில் இருக்கிறது, கூம்போடு. இப்போது அந்தக் கண்ணால் என்னைப் பார்க்கிறது. மேடையேறும் முன் முதல் மருந்து விட்டேன். ஐந்து நிமிடம் ஆயிற்று, இரண்டாவதை விட வேண்டும். கை தட்டாதீர்கள், மிரளும்.

பொறுமையாகக் கேட்டவர்களுக்கு நன்றி. கூம்பைக் கழற்றாத கைகளுக்கு மட்டும் என் வணக்கம்.